ஷொரியூக்கனுக்கு ஒரு பட்டன் போதுமா?

சண்டை கேம் புதிதாகப் பழகும் இரண்டு பெடியளுக்குப் பக்கத்தில் இருந்து பத்து நிமிடம் பாருங்கள். இரண்டு பேரும் தரையில் நடக்கவே மாட்டார்கள். ஒருவர் பாய்ந்து உதைப்பார், மற்றவர் காப்பார். பிறகு அவர் பாய்ந்து உதைப்பார், இவர் காப்பார். பார்க்கிறவர்கள் "தவளை மாதிரிப் பாயாதையடா" என்று சொல்வார்கள். ஆனால் அந்த நிலையில் பாய்வதுதான் சரியான தெரிவு. பாய்ந்து வருகிறவரை வானத்தில் வைத்து அடிக்க எதிரே இருப்பவருக்குக் கை வராது. தண்டனை இல்லாத இடத்தில் யாரும் பாயத்தான் செய்வார்கள்.

ஏன் கை வராது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை கேம் ஒரு விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடுகிறது. ஒரு பிரேம் ஏறக்குறைய 16.7 மில்லி விநாடி. ஒரு சாதாரணப் பாய்ச்சல் எழும்பி இறங்கி முடிய 45 பிரேம், அதாவது முக்கால் விநாடி. உதை வந்து படுவது அந்தப் பாய்ச்சலின் பிற்பகுதியில். எனவே காக்கிறவருக்குக் கிடைப்பது 35 பிரேமுக்குக் கிட்ட. கண் கண்டு, மூளை "பாய்ஞ்சிட்டான்" என்று உணர 15 பிரேம் போய்விடும். அந்த நேரம் வேறொன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் 20. அடி கிளம்பச் சில பிரேம் வேண்டும். மிச்சம் பத்துப் பன்னிரண்டு பிரேம்தான். பாய்கிறவரை எழும்பிக் குத்தும் அடியான ஷொரியூக்கனைப் போட, அதற்குள் முன், கீழ், முன்கீழ் என்று திசை மாற்றிக் குத்துப் பட்டனை அழுத்த வேண்டும். கை பழகியவருக்கு அது ஏழெட்டுப் பிரேமில் முடியும். புதியவருக்கு இருபது, முப்பது பிரேம் எடுக்கும். அதிலும் பாதித் தடவை நேரே எறியும் ஹடோக்கன்தான் வரும், அதன் மேலால் உதை வந்து விழும்.

அந்த ஒரு அடி கைக்கு வராதவரைக்கும் உண்மையான கேம் தொடங்காது. புதியவர்களுக்காக இந்தக் கேம்களை எளிமையாக்கலாமா என்ற சண்டையில் எங்கள் பக்கம் எது என்பதை முடிவு செய்ததும் இந்த இடம்தான். ஒரே பட்டனில் ஷொரியூக்கன் வந்தால் பாய்ச்சலுக்கு உடனே விலை வந்துவிடும். பாய்ந்தால் அடி விழும் என்று தெரிந்தபின் இரண்டு பேரும் தரைக்கு இறங்குவார்கள். தரைக்கு இறங்கினால் தூரம் பற்றி யோசிக்க வேண்டும். பல வருடம் விளையாடியவர்கள் இந்தக் கேமின் ஆழம் என்று சொல்வதே அந்தத் தூரம்தான்.

கிளித்தட்டு விளையாடினவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோட்டில் நிற்பவரின் கை எட்டுகிற தூரத்துக்கு அரை அடி வெளியே நிற்பீர்கள். உடம்பை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டுவீர்கள். அவர் கையை வீசுவார். வீசிய கை திரும்புமுன் தாண்டிவிடுவீர்கள். கேமில் வரும் ரியூ, கென் என்ற ஆட்களுக்கு நடுவில் நடப்பதும் இதேதான். எதிரியின் தாழ் உதை எட்டும் இடத்துக்குச் சற்று வெளியே நின்று, ஒரு அடி முன்னும் பின்னும் நடந்து, அவர் உதைத்துத் தவறவிட்டதும் அந்தக் கால் மடங்குமுன் அடிப்பது. கிளித்தட்டை நன்றாக விளையாடுகிற ஒருவர் இந்தக் கேமிலும் நன்றாக வர வேண்டியவர். கட்டை விரல் கால் வட்டம் சுற்றவில்லை என்பதற்காக அவரை வாசலில் நிறுத்தி வைப்பது வீண் இழப்பு.

எங்கள் ஊருக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வெளிவந்தது 1991இல். உலகத்தின் பல நகரங்களில் பிள்ளைகள் நாணயம் போட்டு அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நின்ற அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி. வேறு ஊர்களில் அண்ணன்மாரிடமிருந்து தம்பிமாருக்குப் போன அந்தக் கைப்பழக்கம் இங்கே ஒரு தலைமுறைக்குக் கிடைக்கவேயில்லை. இப்போது விளையாட வருகிற பதினாறு வயதுப் பிள்ளை தொலைபேசித் திரையில் தட்டிப் பழகிய கையோடு வருகிறது. "முப்பது வருடமாக எல்லாரும் இப்படித்தான் பழகினார்கள்" என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னால் அது பொருந்தாது.

இவ்வளவும் சொன்னாலும், எளிமையாக்குவது இலவசம் இல்லை. அந்தத் திசை மாற்றங்களை யாரோ புதியவர்களை வதைப்பதற்காக வைக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு விலைச்சீட்டு. ஷொரியூக்கனின் முதல் திசை முன். முன் அழுத்தும் கணத்தில் நீங்கள் காக்க முடியாது, ஏனென்றால் காப்பது பின். கைல் என்ற இன்னொரு ஆள் தன் எறி அடியான சோனிக் பூமைப் போட, பின் பக்கத்தைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதனால் அவரால் முன்னேறிக்கொண்டே எறிய முடியாது. மல்யுத்த வீரர் ஸாங்கீஃபின் பெரிய பிடிக்கு முழு வட்டம் சுற்ற வேண்டும். அந்த வட்டத்துக்குள் மேல் திசையும் இருப்பதால் சும்மா நின்றபடி சுற்றினால் பாய்ந்துவிடுவார். வேறொரு அடியின் அசைவுக்குள்ளோ பாய்ச்சலுக்குள்ளோ அதை மறைத்துச் சுற்ற வேண்டும். அந்தப் பிடி அவ்வளவு வலுவாக இருக்க முடிவது இந்தக் கஷ்டத்தால்தான்.

எனவே வட்டத்தை எடுத்துவிட்டு ஒரு பட்டனை வைக்கிறவர் அந்த விலையை வேறு எங்காவது வைக்க வேண்டும். 2020இல் வந்த கிரான்ப்ளூ ஃபேன்டஸி வெர்சஸ் அதை நேரத்தில் வைத்தது. பட்டனால் போட்டால் அதே அடி திரும்பக் கிடைக்கக் கூடிய நேரம் காத்திருக்க வேண்டும், திசையோடு போட்டால் குறைய. 2023 ஜூனில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, மொடர்ன் என்ற முறையில் அதைச் சேதத்தில் வைத்தது. ஒரு பட்டனில் போடுகிற விசேட அடிக்கு 20 வீதம் சேதம் குறைவு. போதாதென்று, திசை மாற்றிப் போடும் கிளாசிக் முறையில் இருக்கிற சில சாதாரண அடிகள் மொடர்னில் இல்லவே இல்லை. ஆனால் மொடர்னிலேயே திசை மாற்றிப் போட்டால் முழுச் சேதமும் கிடைக்கும். இந்தக் கடைசி விதிதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. புதியவர் பட்டனில் தொடங்கி, கை வரும்போது ஒவ்வொரு அடியாகத் திசைக்கு மாறலாம். பாய்கிறவரை அவசரத்தில் அடிக்கப் பட்டன், அடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும் கொம்போவின் நடுவில் நேரம் இருக்கும்போது திசை. மொடர்னில் விளையாடும் கெட்டிக்காரர்கள் செய்வதும் அதுதான்.

பட்டனைக் குறைத்தால் ஆழம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸைப் பார்க்கலாம். 1999இல் வந்த முதல் கேமிலிருந்தே விசேட அடிக்கு ஒரு திசை, ஒரு பட்டன், அவ்வளவுதான். 2001இல் வந்த அதன் இரண்டாவது கேமான மெலீயை ஆட்கள் இன்னும் போட்டிகளில் விளையாடுகிறார்கள். கஷ்டமும் அதில் குறையவில்லை, வேறு இடத்தில் இருக்கிறது.

நாங்கள் ஒத்துக்கொள்ளாத எளிமை வேறொன்று: தானாக ஓடும் கொம்போ. ஒரே பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டினால் அடி அடியாகத் தொடர்ந்து, சிலவற்றில் கடைசியில் சூப்பர் என்ற பெரிய அடியும் தானே வந்து, அதற்காகச் சேர்த்த கேஜையும் முடித்துவிடும். திரையில் பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் ஒரு கொம்போவுக்குள் இருக்கிற ஒரே பெரிய முடிவு, முதல் அடி பட்டதா காக்கப்பட்டதா என்று பார்த்து அதன்படி தொடர்வதா நிறுத்துவதா என்பதுதான். தட்டிக்கொண்டே இருக்கப் பழகிய விரல் அதைப் பார்ப்பதில்லை. எதிரி அடியைக் காத்தாலும் அடுத்த தட்டு போய்விடும், தட்டினவர் வாய் திறந்தபடி நிற்பார், முழு அடியும் வாங்குவார். அடுத்த நாளும் அதேதான். நூறு மணி நேரம் விளையாடினாலும் கண் பழகாது, விரல்தான் வேகமாகும். ஒரு பட்டன் ஷொரியூக்கன் புதியவரிடம் ஒரு முடிவைக் கேட்கிறது: "பாய்கிறானா?" தானியங்கிக் கொம்போ அவரிடமிருந்த முடிவைப் பறிக்கிறது. இரண்டையும் "எளிமை" என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் இந்த வாதம் எப்போதும் குழம்புகிறது.

எளிமைக்காகச் செய்த இன்னொரு வேலை பலருக்குத் தெரியாமலே அவர்களைத் தோற்கடிக்கிறது. திசைகளைப் பிழையாகப் போட்டாலும் கேம் "இதைத்தான் நினைத்திருப்பார்" என்று ஏற்றுக்கொள்ளும் தாராளம் அது. முன்னால் நடந்தபடி ஹடோக்கன் போடப் பாருங்கள். நீங்கள் கொடுத்தது முன், கீழ், முன்கீழ், முன். கேம் முதல் மூன்றையும் பார்த்து ஷொரியூக்கன் என்று எடுத்துக்கொள்ளும். ஆள் தனியாக வானத்தில் எழும்பி, இறங்கும்போது அடி வாங்குவார். "கொன்ட்ரோலர் பழுது" என்று முறைப்பாடு வருவதில் பாதி இதுதான். திருத்தம் சின்னது. நடப்பதை விட்டு ஒரு கணம் திசையை நடுவில் விட்டு, பிறகு கீழே இறக்கிப் போட வேண்டும். பயிற்சி அறையில் உள்ளீட்டைக் காட்டும் வசதியைப் போட்டுவைத்தால் திரை ஓரத்தில் உங்கள் கை உண்மையில் என்ன செய்தது என்று தெரியும். அதைப் பார்க்காமல் நூறு தடவை போட்டால் பிழை நூறு தடவை பழகும்.

கீபோட்டில் விளையாடுகிறவர்களுக்கு ஒரு சொல். இங்கே நிறையப் பேர் அதில்தான் தொடங்குகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. திசைகளுக்குத் தனித்தனி விசை இருப்பதால் ஷொரியூக்கன் கீபோட்டில் சுத்தமாகவே வரும். ஆனால் மலிவான அலுவலகக் கீபோட்களில் மூன்று விசைகளை ஒரேயடியாக அழுத்தினால் சில கூட்டுகளில் மூன்றாவது பதியாது. வாங்குமுன், அல்லது உங்கள் விசைகளைத் தெரிவு செய்யுமுன், கீழையும் முன்னையும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடிப் பட்டனையும் அழுத்திப் பாருங்கள். ஒன்று விழாவிட்டால் அந்தப் பட்டனை வேறு எழுத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

பட்டனை விட உயரமான மதில் ஒன்று இருக்கிறது. ஏன் தோற்றோம் என்று தெரியாமல் தோற்பது. "அண்ணை, அவன் ஒரே அடியைத்தான் அடிக்கிறான், என்னாலை ஒண்டும் செய்யேலாமல் கிடக்கு." இந்தக் கேள்வியோடு வருகிறவருக்கு நூறு பக்கப் பாடம் வேண்டாம். அந்த ஒரு அடிக்கு ஒரு பதில் போதும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் அந்த அடி பெரும்பாலும் டிரைவ் இம்பக்ட் என்ற பலமான அடி. அது கிளம்ப 26 பிரேம், ஏறக்குறைய 0.43 விநாடி. வரும்போது இரண்டு அடிகளைத் தாங்கிக்கொண்டு வரும். ஆகவே பயத்தில் பட்டன்களை அள்ளித் தட்டுகிறவர்தான் அதில் மாட்டுவார். திரையில் அந்த மை தெறிப்பைக் கண்டதும் நீங்களும் டிரைவ் இம்பக்ட் போட்டால் பிந்திப் போட்டவரே வெல்வார். சுவருக்குப் பக்கத்தில் முதுகு இருந்தால் காப்பதும் உதவாது. சுவரில் மோதிக் கிறங்கி நிற்பீர்கள். இந்த மாதிரி அடிகளுக்குச் செலவாகும் டிரைவ் கேஜ் முழுக்கத் தீர்ந்து போன நேரத்தில் அது சுவரோரத்தில் பட்டால் மயக்கமே வரும். இவ்வளவும் ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். அந்த ஒரு நிமிடம் கிடைக்காததால் கேமையே விட்டுப் போனவர்கள், ஷொரியூக்கன் வராமல் விட்டுப் போனவர்களை விடக் கூட.

கேம் செய்கிறவர்கள் காசு போட வேண்டிய எளிமை இதுதான். 2024 ஜனவரியில் வந்த டெக்கன் 8இல் முடிந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டால், "இந்த இடத்தில் இதை அடித்திருக்கலாம்" என்று அதுவே நிறுத்திச் சொல்லும். அந்தக் கணத்தில் ஆட்டத்தைக் கையில் எடுத்து அதைச் செய்தும் பார்க்கலாம். ஆள் ஒருவருக்கு நூற்றுக்கு மேல் அடிகள் இருக்கிற கேமில், இன்று உங்களுக்கு வேண்டிய மூன்றைக் காட்டித் தருகிறது. ஸ்பெஷல் ஸ்டைல் என்ற ஒரு பட்டன் முறையும் அதில் உண்டு, ஆட்டத்தின் நடுவிலேயே போட்டு எடுக்கலாம். ஆனால் திரும்பப் பார்க்கும் வசதிதான் அதில் புதியவருக்குக் கொடுக்கப்பட்ட பெரிய கொடை.

டெக்கன் என்றதும் லாகூரைச் சொல்லாமல் போக முடியாது. 2019இல் லாகூர்க்காரர் ஆர்ஸ்லான் ஆஷ் சண்டை கேம்களின் பெரிய போட்டிகளான எவோ ஜப்பானையும், அதே வருடம் லாஸ் வேகஸில் நடந்த எவோவையும் டெக்கன் 7இல் வென்றார். அதுவரை உலகம் பாகிஸ்தானை அந்தக் கேமின் வரைபடத்தில் வைத்திருக்கவில்லை. டெக்கன் 7 யாருக்கும் எளிமையாக்கப்பட்ட கேம் இல்லை. லாகூரில் இருந்தது பக்கத்தில் பக்கத்தில் இருந்து நாள் முழுக்க விளையாடும் ஆட்கள். கஷ்டமான கேம் புதியவரைத் துரத்தும் என்ற வாதத்துக்கு அதுவே பதில், அப்படியொரு கூட்டம் இருக்கிற ஊருக்கு. அது இல்லாத ஊருக்கு எளிமை கூட வேண்டும். தனியே அறையில் இருந்து பழகுகிறவரை அரை மணி நேரத்துக்குள் கேம் பிடித்து வைக்காவிட்டால், கையைப் பிடித்து இருத்த அங்கே வேறு யாரும் இல்லை.

தனியே பழகுகிறவர் என்றால் இணையம். நல்ல காலம், சண்டை கேம் டேட்டாவைத் தின்பதில்லை. இரண்டு பக்கமும் பரிமாறுவது பட்டன் அழுத்தங்கள்தான், படம் இல்லை. வேகமான பொதி வேண்டாம், நிதானமான இணைப்பு வேண்டும். போய் வரும் நேரம் 120 மில்லி விநாடி என்றால் ஒரு வழி 60, அதாவது மூன்றரைப் பிரேம். பழைய முறையில் உங்கள் ஒவ்வொரு அழுத்தமும் அவ்வளவு நேரம் காத்திருக்கும். ரோல்பக் முறையில் கேம் எதிரி செய்யப் போவதை ஊகித்து ஓடி, ஊகம் பிழைத்தால் பின்னோக்கிப் போய்த் திருத்தும், உங்கள் கைக்குத் தாமதம் தெரியாது. டோனி கனன் 2006இல் செய்த ஜிஜிபிஓ என்ற மென்பொருள்தான் இதைப் பரவலாக்கியது. ஆனால் ரோல்பக்கும் வைஃபையின் தள்ளாட்டத்தை மறைக்க முடியாது. 120 நிலையாக இருந்தால் விளையாடலாம். 50க்கும் 200க்கும் நடுவில் ஆடினால் ஆட்கள் இடம் விட்டு இடம் துள்ளுவார்கள், பாய்கிறவரைப் பார்த்து அடிக்கவே முடியாது. சுவரோரமாக ஒரு லான் கேபிள் இழுப்பது புதிய கொன்ட்ரோலரை விடப் பெரிய உதவி. தொலைக்காட்சியில் விளையாடினால் கேம் மோடைப் போடுங்கள். படத்தை அழகாக்கும் வேலைக்குத் தொலைக்காட்சி எடுக்கும் நேரம் சிலவற்றில் ஐந்தாறு பிரேம் வரும். மேலே போட்ட கணக்கில் மிச்சமிருந்த பத்துப் பன்னிரண்டில் பாதி அங்கே போய்விடும்.

பயிற்சிக்கு இருபது நிமிடம் போதும், அதைச் சரியாக வைத்தால். பயிற்சி அறையில் பொம்மைக்கு மூன்று பதிவுகள் போடுங்கள்: பாய்ந்து கடுமையாக உதைப்பது, இரண்டடி முன்னால் நடந்து நிற்பது, ஹடோக்கன் எறிவது. மூன்றும் மாறி மாறி எழுந்தமானமாக வரட்டும். வேலை ஒன்றுதான்: பாய்ந்தால் மட்டும் மேலே அடிப்பது. மொடர்னில் முன்னும் ஸ்பெஷல் பட்டனும். கிளாசிக்கில் ரியூ என்றால் முதல் வாரம் ஷொரியூக்கனையே தொடாதீர்கள். குனிந்து ஹெவி பஞ்ச் போதும், அதற்குத் திசை மாற்றம் எதுவும் இல்லை. இருபது பாய்ச்சலில் பதினாலு விழுந்தால் ஆட்டத்துக்குப் போகலாம். பாய்ச்சலை மட்டும் பதிந்து பழகினால் பயனில்லை. வரப்போவது தெரிந்திருக்கும்போது கை எப்போதும் சரியாகத்தான் வரும்.

கேம் கடைகளில் விளையாடுகிறவர்கள் ஒரு வழக்கத்தை மாற்றினால் பெரிய உதவி. தோற்றவர் எழும்ப வேண்டும் என்பது அந்த வழக்கம். எட்டுப் பேர் வரிசையில் இருந்து ஒரு ஆட்டம் மூன்று நிமிடம் என்றால், தோற்ற புதியவர் திரும்ப இருக்க இருபது நிமிடத்துக்குக் கிட்ட ஆகும். ஒரு மணித்தியாலத்தில் மூன்று ஆட்டம், ஒன்பது நிமிடம். காசு கொடுத்து மற்றவர் விளையாடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். கூடக் கற்க வேண்டியவர் குறைய விளையாடுகிறார். அதைவிட இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, யார் முதலில் ஐந்து வெல்வது என்று தொடர்ந்து விளையாடுவது நல்லது. முதல் இரண்டு ஆட்டத்தில் புரியாதது நான்காவதில் புரியும், ஏனென்றால் எதிரி மாறவில்லை.

முன்னூற்றி நாலு என்ற சீட்டாட்டத்தைப் பழக்கும் விதத்தை யோசித்துப் பாருங்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ராஜாவை ஒன்பது வெட்டுகிற இந்த ஒழுங்கு புதியவருக்கு எந்த ஷொரியூக்கனுக்கும் குறையாத தலைகீழ். ஆனாலும் யாரும் அதை மாற்றவில்லை. பின்னால் ஒருவர் இருந்து கையைப் பார்த்து, "துரும்பை இப்ப இறக்காதை, பொறு" என்று காதுக்குள் சொல்லுவார். இரண்டு மாதத்தில் அந்த ஆள் தானே கேள்வி கேட்பார். கேம் கடையிலும் ஒரு பழையவர் புதியவரின் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து, ஆட்டத்துக்கு ஒரே ஒரு விஷயம், "அவன் பாய்ஞ்சால் மட்டும் அடி, மற்றதை விடு" என்று சொல்லலாம். ஒன்றுக்கு மேல் சொன்னால் அடுத்த ரவுண்டுக்குள் எதுவும் நினைவில் நிற்காது.